விழுந்தவரைத் தூக்கிவிடும் சேவை: தருமபுரி சபை ஒன்றின் 'சீர்பொருத்தும் குழு' எப்படி இருக்கிறது?

தருமபுரி நகரில் ஒரு கிறிஸ்தவ சபை 'சீர்பொருத்தும் குழு' என்ற பெயரில் ஒரு சேவையை நடத்துகிறது. குடியில் விழுந்தவர், சீட்டுப் பணத்தைக் கையாண்டுவிட்டவர், திருமணத்துக்கு வெளியே உறவில் சிக்கியவர், போன் சூதாட்டத்தில் வீட்டு நகையை இழந்தவர் என்று பலரும் இங்கே வருகிறார்கள். அவர்களைச் சபையை விட்டு ஒதுக்கிவைப்பதும் இல்லை, ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த ஞாயிறே பாடகர் குழுவில் நிறுத்துவதும் இல்லை. படிப்படியாக நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். கட்டணம் கிடையாது. வேறு சபைக்காரரும் வரலாம், தம் சபைப் போதகரான ஐயருக்கோ பாஸ்டருக்கோ தெரிவித்துவிட்டு வர வேண்டும்.

சபையின் பெயரையும் தெருவையும் இங்கே எழுதவில்லை. அந்த அறைக்குள் யார் போகிறார்கள் என்று வெளியே நின்று பார்த்தாலே ஊர் பேசிவிடும். தருமபுரி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. ஆனால் இந்தச் சேவை நடக்கும் முறையை விரிவாக எழுதுவதில் பயன் உண்டு. கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ பாலக்கோட்டிலோ இதுபோல ஒன்றைத் தேடுகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்த்து விலக வேண்டும் என்பதற்கு இது அளவுகோலாக இருக்கும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கலாத்தியர் 6:1-ல், குற்றத்தில் அகப்பட்டவனை 'சாந்தமுள்ள ஆவியோடே' 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூலத்தில் அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்தான் மத்தேயு 4:21-லும் வருகிறது. அங்கே யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் 'பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்'. ஒகேனக்கல் பக்கம் பரிசலோரம் உட்கார்ந்து வலை பின்னுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கிழிந்த இடத்தில் நேராக முடிச்சுப் போடத் தொடங்கமாட்டார். முதலில் கந்தலாகத் தொங்கும் நூலை வெட்டி, ஓட்டையைச் சுத்தமான விளிம்புக்குக் கொண்டுவருவார். அப்போது ஓட்டை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் கண்ணி கண்ணியாகக் கோப்பார். இந்தக் குழு வேலை செய்வதும் அதே வரிசையில்தான். பல சபைகள் சறுக்குவது, வெட்ட வேண்டியதை வெட்டாமல் முடிச்சுப் போடுவதில்.

சேர்த்துக்கொள்ளும் முன் நடக்கும் சோதனை

இந்தச் சேவையின் பலமே இதில்தான் இருக்கிறது. 'இன்னார் விழுந்துவிட்டார்' என்று ஒரு செய்தி வந்ததும் குழு மூன்று கேள்விகளை வைக்கிறது. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறாரா? இது சட்டப்படி குற்றமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை ஜெபக் கூட்டத்தில்கூட விஷயத்தை எடுக்கமாட்டார்கள்.

குழந்தை ஒன்று பாதிக்கப்பட்டிருந்தால் இந்தக் குழுவுக்கு அங்கே வேலை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். 'பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம்' என்பது அங்கே செல்லாது. குழு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொல்லிவிடுகிறது. தவறு செய்தவர் மனந்திரும்பினேன் என்று அழுதாலும் அந்த அழைப்பு நிற்காது. வீட்டில் மனைவி அடி வாங்குகிறார் என்றால் பெண்கள் உதவி எண்ணான 181. அந்தப் பெண் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகுதான் கணவரோடு பேச்சே தொடங்குகிறது. திருமணத்துக்கு வெளியேயான உறவு வேறு வகை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 497-ஆம் பிரிவை நீக்கியபின் அது குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆனால் வேதத்தின்படி அது பாவம்தான், உடைந்த குடும்பமும் கண்முன் நிற்கிறது. அதைக் குழு எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, வந்த குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்கிறார்கள். இந்தக் காலத்தில் இதுதான் கடினம். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றினால் அரை நாளில் ஒரு மனிதரின் பெயர் போய்விடும். குழு ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. உரையாடல் இருக்கும் போனையே கொண்டுவரச் சொல்லி, முன்னும் பின்னும் உள்ள செய்திகளையும், தேதியையும், எண்ணையும் பார்க்கிறார்கள். குரல் பதிவு என்றால் இன்னும் கவனம் தேவை. ஒருவர் குரலைப்போலவே செயற்கையாகத் தயாரிக்க இன்று சாதாரண போனே போதும். சபைப் பொறுப்பில் இருக்கும் மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் 1 தீமோத்தேயு 5:19 சொல்வதுபோல இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். அது உண்மை என்று தெரிந்தால் அடுத்த வசனம் சொல்வதுபோல எல்லார் முன்பாகவும் கண்டிப்பு. சாதாரண அங்கத்தினரின் தவறு நான்கு சுவருக்குள் முடியலாம், பொறுப்பில் இருப்பவருடையது முடியக்கூடாது என்ற இந்த வேறுபாட்டை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

'ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார், காணிக்கை எடுத்தது இவர்தான்' என்று யாராவது வந்து சொன்னால் அதையும் ஏற்பதில்லை. 1 யோவான் 4:1 ஆவிகளைச் 'சோதித்தறியுங்கள்' என்கிறது. சோதிக்க வழியில்லாத ஒன்றை வைத்து ஒரு மனிதர்மேல் பழி போட முடியாது. சொன்னவரை அவமதிக்காமல் அனுப்பிவிட்டு, காணிக்கை நோட்டையும் வங்கிச் சீட்டையும் எடுத்துவைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நம் மாவட்டங்களில் பல குடும்பங்களை உடைத்தது இப்படிச் சொன்ன ஒரு வாக்குத்தான். அதனால் இந்த உறுதிக்கு நாங்கள் அதிக மதிப்புக் கொடுக்கிறோம்.

பகுத்தறிதல் என்றால் யாருக்கும் தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வரம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. எபிரெயர் 5:14 அதைப் பயிற்சியோடு சேர்த்துச் சொல்கிறது. நன்மை தீமை இன்னதென்று பகுத்தறிய, பழக்கத்தால் பயிற்சி பெற்ற புலன்கள் வேண்டும். குழுவில் சேரும் மூப்பர் முதல் ஆறு மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்ததுதான்.

முதல் மூன்று நாள்

சேர்த்துக்கொண்டதும் முதல் 72 மணி நேரத்துக்கு எந்தத் தீர்மானமும் எடுப்பதில்லை. சபையில் அறிக்கை இல்லை, ராஜினாமா இல்லை, மனைவியிடம் 'மன்னித்தேன்' என்று வாங்கும் வேலையும் இல்லை. வெளியே தெரிந்துவிட்ட அதிர்ச்சியில் இருப்பவர் தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கும் ஆபத்து இந்த நாட்களில் அதிகம். ஒருவர் கூடவே இருக்கிறார். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை போன்றவை வீட்டில் இருந்தால் எடுத்துவிடச் சொல்கிறார்கள். விவசாய வீடுகள் நிறைந்த நம் பகுதியில் இது பெயருக்குச் செய்யும் காரியம் இல்லை. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்)ப் போனில் பதிந்து கொடுக்கிறார்கள்.

குடிப்பழக்கக்காரர் விஷயத்தில் இவர்கள் செய்வதை மற்றச் சபைகளும் உடனே பின்பற்ற வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவரை 'இன்றோடு விடு' என்று சொல்லி மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரவைப்பது நம் சபைகளில் வழக்கம். அது ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரம் கழித்துக் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் காய்ச்சல், வியர்வை எல்லாம் வந்து உயிரே போகலாம். நடுக்கத்தையும் உளறலையும் பிசாசின் போராட்டம் என்று எண்ணிப் பிடித்துவைத்து ஜெபித்தால் மருத்துவமனைக்குப் போகும் நேரம் கடந்துவிடும். பட்டினி இன்னும் கெடுதல். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும். குழு முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறது, ஜெபம் அங்கே படுக்கையருகே நடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைத் தருகிறார்கள்.

அறையும் நோட்டும்

வாராந்திர அமர்வு சபைக்குப் பின்புறம் உள்ள சின்ன அறையில் நடக்கிறது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர்ச் சொம்பு, இரண்டு டம்ளர். ஜன்னல் திறந்தே இருக்கும். உள்ளே இருப்பவர்களை வெளியிலிருந்து பார்க்கலாம், பேச்சு கேட்காது. நாற்காலிகள் மேசையைச் சுற்றி இருக்கின்றன. ஒரு பக்கம் மூன்று பேரும் எதிரே ஒருவருமாக விசாரணை மன்றம்போல் போடுவதில்லை. மூன்று பேர் கொண்ட குழு: இரண்டு மூப்பர், விழுந்தவரோடு கூடவே இருந்து கவனிக்கும் ஒரு துணைவர். வந்திருப்பவர் பெண் என்றால் மூவரில் இருவர் பெண்கள். உறவினரோ, கடன் கொடுத்தவரோ, வேலை கொடுத்தவரோ குழுவில் இருக்கக்கூடாது. போதகர் தனியாக நடத்தவே கூடாது.

மேசைமேல் எண்பது பக்க நீள நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒப்பந்தம்: எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இது முக்கியம். கத்தோலிக்கத் திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனம்) குருவானவர் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. அந்த ரகசிய முத்திரை முழுமையானது. மூப்பர்களிடம் சொல்வது அப்படிப்பட்டதில்லை. உயிராபத்தோ, குழந்தைக்குத் தீங்கோ இருந்தால் அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். 1997-ல் உருவான தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பங்குகள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. இரண்டு மரபுக்காரரும் கலந்து வாழும் ஊரில், ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறப்பவர் பின்னால் நொந்துபோவார். முதல் அமர்விலேயே இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது நேர்மை.

இரண்டாம் பக்கத்திலிருந்து நான்கு பத்திகள்: தேதி, என்ன நடந்தது, யாருக்கு நஷ்டம், அதற்கு என்ன செய்யப்பட்டது. வந்தவரே தன் கையால் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, துணைவர் எழுதி வாசித்துக் காட்டுவார். பெரும்பாலோர் 'கொஞ்சம் தடுமாறிட்டேன் ஐயா' என்றுதான் தொடங்குவார்கள். மூப்பர் அதட்டுவதில்லை. 'எந்த மாசம் தம்பி? எவ்வளவு? யாரோடது?' என்று மட்டும் கேட்கிறார். 'மார்ச் மாசம், பதினெட்டாயிரம், மகளிர் குழு சீட்டு' என்று நோட்டில் விழும்போதுதான் கந்தல் நூல் வெட்டப்படுகிறது. உடல் சம்பந்தமான தவறுகளில் இந்த நுணுக்கம் தலைகீழ். யாரோடு, எப்போதிலிருந்து, இன்னும் தொடர்பு இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் விவரம் கேட்பது கேட்பவரைக் கெடுக்கும், எழுதியதை வேறு யாராவது படித்தால் மற்றொரு பெண்ணின் பெயரும் கெடும்.

மனந்திரும்புதல் உண்மையானதா என்பதை அழுகையை வைத்து அளப்பதில்லை. 2 கொரிந்தியர் 7:11-ல் பவுல், தேவனுக்கேற்ற துக்கம் கொரிந்தியரிடம் என்னென்ன உண்டாக்கிற்று என்று ஏழு காரியங்களை அடுக்குகிறார். ஜாக்கிரதையில் தொடங்கி நீதியுள்ள தண்டனையில் முடியும் பட்டியல் அது. குழு அதைச் செயலாக மாற்றி வைத்திருக்கிறது. கேட்காத கேள்விக்கும் தானாக உண்மையைச் சொல்கிறாரா? உறவில் இருந்த பெண்ணின் எண்ணைத் தானே நீக்கினாரா, நாம் சொன்ன பிறகு நீக்கினாரா? பாதிக்கப்பட்டவர் இன்னும் கோபமாக இருக்கிறார் என்றால் அதைத் தாங்கிக்கொள்கிறாரா, 'நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே' என்று எரிச்சல்படுகிறாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

பணத்தைத் திருப்புவது

எண்ணாகமம் 5:7, அபகரித்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. நாற்பதாயிரம் எடுத்தவர் எட்டாயிரம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் தர வேண்டும். மாதம் நாலாயிரம் என்றால் சரியாகப் பன்னிரண்டு மாதம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, என்றார், ஆனால் அது அவர் தானாக முன்வந்து சொன்னது. அதை யார்மேலும் சுமத்த முடியாது என்று குழு சொல்வது சரியான தெளிவு. நஷ்டப்பட்டவர் கூடுதலை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், முதலை விட முடியாது.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. கூலி பாக்கி முதலில், பிறகு தனி மனிதர்களின் சீட்டுப் பணம், பிறகு நகைக்கடன், கடைசியில் நிறுவனக் கடன்கள். வாரத் தவணை வசூலிக்க வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பயந்து எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். சத்தம் போடத் தெரியாத விதவையின் பணம் அப்படியே கிடந்துவிடும். நிறுவனத்திடம் தவணையை நீட்டிக் கேட்கக் குழு ஆள் ஒருவர் கூடப் போகிறார். குழு கடன் கொடுப்பதில்லை. கொடுத்தால் மூப்பரும் கடன்காரராகிவிடுவார், உண்மையைக் கேட்கும் தகுதி போய்விடும்.

போன் சூதாட்டக்காரருக்கு நடைமுறை ஏற்பாடு தனி. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததால் கை பழகியது போய்விடாது. முதல் பன்னிரண்டு வாரம் பட்டன் போன். வங்கிச் செயலியை நீக்கி, நாள் வரம்பைக் குறைத்து, கணக்கில் பணம் நகர்ந்தால் வரும் குறுஞ்செய்தி இன்னொருவருக்கும் போகும்படி அவர் சம்மதத்தோடு ஏற்பாடு. சறுக்கல் வரும் வழிகளும் தெரிந்தவைதான்: இரண்டாவது சிம், நண்பர் போன், சம்பள நாள் சாயங்காலம். ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவருக்குச் சம்பளம் ஏறும் நாளில் துணைவர் வேலை முடியும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார். அந்த ஒரு மணி நேரம் பல அறிவுரைக்குச் சமம்.

நான்கைப் பிரித்து வைத்திருப்பது

இந்தச் சேவையின் மையம் இதுதான். மன்னிப்பு, ஐக்கியம், நம்பிக்கை, பொறுப்பு என்ற நான்கையும் குழு தனித்தனியாகப் பார்க்கிறது. மன்னிப்பு அன்றைக்கே. அதற்குத் தவணை இல்லை. ஐக்கியம் சில வாரங்களில். ஆராதனையில் உட்காருவதை யாரும் தடுப்பதில்லை. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை மட்டும், பாவத்தை இன்னும் விடாதவருக்கு நிறுத்திவைத்து, விட்டதும் கொடுக்கிறார்கள். நம்பிக்கை மாதக்கணக்கில் சம்பாதிக்க வேண்டியது. பொறுப்பு ஒருவேளை ஆண்டுகளில் வரும், ஒருவேளை வராமலே போகும்.

இவற்றைக் குழப்புவதால்தான் சண்டை வருகிறது. 'மன்னித்துவிட்டீர்கள் என்றால் ஏன் மைக் தரவில்லை?' என்று குடும்பத்தார் கேட்பார்கள். 'மைக் தரவில்லை என்றால் மன்னிக்கவில்லை' என்று ஊர் பேசும். காணிக்கையில் கைவைத்தவரைத் திரும்பக் காணிக்கைப் பையருகே நிறுத்தாமலிருப்பது அவருக்குச் செய்யும் உதவி. 1 தீமோத்தேயு 5:22 'ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே' என்கிறது, அதாவது அவசரப்பட்டு யாரையும் பொறுப்பில் அமர்த்தாதே. முதலில் தருவது யார் கண்ணிலும் படாத வேலை: நாற்காலி அடுக்குவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கல்லறைத் தோட்டத்தில் புதர் வெட்டுவது. பணம், மைக், பிள்ளைகள் ஆகிய மூன்றும் கிடையாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்து தண்டனை முடித்து வந்தவருக்கு அந்த மூன்றாவது வாசல் வாழ்நாள் முழுவதும் மூடியதுதான், அதில் சாந்தமும் உறுதியும் சேர்ந்தே இருக்கின்றன.

மறுபக்கத்தையும் மறப்பதில்லை. கொரிந்து சபை ஒருவரைக் கண்டித்தபின் பவுல் 2 கொரிந்தியர் 2-ல், அந்தத் தண்டனை போதும், அவன் 'அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு' மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று எழுதினார். கண்டிப்புக்கு முடிவுத் தேதி வேண்டும். நோட்டில் ஒவ்வொரு தடைக்கும் எதிரே மறுபரிசீலனைத் தேதி எழுதியிருக்கிறது. தேதி போடாத தடை மெல்ல மெல்ல ஊர்விலக்காக மாறிவிடும்.

இது புதிய சிக்கலும் இல்லை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது கிறிஸ்தவர்கள் பலர் பயந்து பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துப் பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் ரோமில் நோவேஷியன் கூட்டம் அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றது. வேறு சிலர் உடனே சேர்க்கலாம் என்றார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் 251-ல் கூடிய சங்கத்தோடு நடுவழி எடுத்தார்: சான்றிதழ் வாங்கியவரும் பலியிட்டவரும் ஒன்றல்ல, ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, மனந்திரும்புதலின் காலத்தைத் தீர்மானிக்க வேண்டும். தருமபுரி அறையில் இருக்கும் நீள நோட்டு செய்வதும் அந்தத் தனித்தனி விசாரணையைத்தான்.

குறைகள்

முதல் குறை, ஜெபக்குறிப்பு. குழுவுக்குள் ரகசியம் இறுக்கமாக இருக்கிறது, குழுவுக்கு வெளியே சபையார் அதைக் கசியவிடுகிறார்கள். 'இன்னார் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும், பெயரும் போய்விடும், காரணத்தை ஊகிக்கும் பேச்சும் தொடங்கிவிடும். பெயரோடு ஜெபக்குறிப்பு போடக்கூடாது என்று சபை முழுவதற்கும் ஒரு விதி வேண்டும். அது இன்னும் வரவில்லை.

இரண்டாவது, மனைவிமார். விழுந்தவருக்கு மூன்று பேர் துணை. அவரால் உடைந்துபோன மனைவிக்கு யார்? அவரை அழைத்து 'பொறுத்துக்கோம்மா, பிள்ளைங்களுக்காக' என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இங்கே இல்லை, அந்த அளவில் நல்லது. ஆனால் அவருக்கென்று தொடர்ந்து பேச ஒழுங்கான ஏற்பாடு இல்லை. பயிற்சி பெற்ற பெண் மூப்பர் ஒருவர்தான் இருக்கிறார், அவரே விழுந்த பெண்களையும் கவனிக்கிறார், பாதிக்கப்பட்ட மனைவிகளையும் கவனிக்கிறார். ஒரே ஆளால் முடியாது. இரண்டும் கலந்தால் நியாயமும் கெடும்.

மூன்றாவது, சாதி. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் பொய். நம் பகுதிச் சபைகளில் சொந்தக்காரர் தவறினால் சுருக்கமாக முடிவதும், மற்றவர் தவறினால் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் நடக்கிறது. உறவினர் குழுவில் இருக்கக்கூடாது என்ற விதி இதை ஓரளவு தடுக்கிறது. ஆனால் மூப்பர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று குடும்பக் கொடிகளிலிருந்து வந்தவர்கள். வேறு ஊர்ச் சபையிலிருந்து ஒரு மூப்பரைக் கட்டாயமாக உட்காரவைப்பது நல்லது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ காவேரிப்பட்டணத்திலிருந்தோ ஒருவர் மாதம் இருமுறை வந்து போவது முடியாத காரியம் இல்லை.

துணைவர்களின் களைப்பு நான்காவது. கலாத்தியர் 6:1 முடிவது 'உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு' என்ற சொல்லில். ஒரு துணைவருக்கு ஒரே ஆள், இரவு பத்துக்குமேல் நேரில் சந்திப்பு இல்லை, ஆணும் பெண்ணும் தனியே இல்லை, முன்பு குடித்தவர் குடிகாரருக்குத் துணையாவது மூன்று ஆண்டு தெளிவுக்குப் பிறகுதான் என்று நல்ல விதிகள் எழுதியிருக்கின்றன. ஆட்கள் போதாததால் ஒருவரே இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறார். விதி அங்கே உடைகிறது.

சபை முன் நின்று தன் மாற்றத்தைச் சொல்லும் சாட்சி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆறாம் மாதமே ஒருவரை நிறுத்திச் சாட்சி சொல்லவைக்கும் ஆசை சபையாருக்கு இருக்கிறது. கைதட்டல் கிடைத்த பிறகு மறுபடி சறுக்கினால், அவர் திரும்ப வாசல்படி ஏறக் கூசுவார். ஓராண்டுக்கு முன் சாட்சி வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்

தவறை ஒத்துக்கொண்டு, திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இந்த இரண்டு மாவட்டத்தில் இதைவிட ஒழுங்கான சேவையை நாங்கள் பார்க்கவில்லை. 'குடும்பத்தார் சொன்னார்கள், வந்தேன்' என்பவருக்கு நான்கு அமர்வுவரை இடம் கொடுத்துப் பார்க்கிறார்கள், பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். போதகர் தம் விழுகையை மறைக்கத் தேடி வரும் இடமாக இது இருக்காது. அவருடைய மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் அவரைச் சேர்ப்பதில்லை.

அமர்வு செவ்வாய் மாலை ஏழு மணிக்கு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சனி இரவு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொன்று. பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் செவ்வாய் அமர்வை முடித்தால் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கும். அவர்களும் ஞாயிறைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை: கடன் சீட்டுகள், நகை அடகு ரசீது, சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துச்சீட்டு, வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரம். மனைவியை முதல் அமர்வுக்குக் கூட்டிப்போக வேண்டாம். அவருக்கு வேறு நாள் கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் திரும்பத் திரும்பக் கேளுங்கள், கேட்பவர்கள் கூடினால்தான் அந்த இரண்டாவது பெண் மூப்பரை நியமிப்பார்கள்.